பார்சல் வாங்கப் போகாத சனிக்கிழமை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் தேன் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டுகள்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, போனில் பிள்ளைகளை ஏமாற்றுகிற ஆட்களைப் பற்றி ஒரு தாய் பேசினால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேச முடியாமல் போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். விவரம் உள்ளவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் முழுவதையும் வாசித்தாள். இரண்டு இடங்களை அடித்துவிட்டு, மற்றதைப் பிறர் படிக்கக் கொடுக்கலாம் என்றாள். அடித்த இடங்கள் அவளுடையவை. அவை இங்கே இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. மாசி மாதம் அந்த மரங்களைப் பார்க்க வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து, புதுத் தளிர் செம்பு நிறத்தில் விரிந்திருக்கும். காலையில் பனி கீழே படுத்திருக்கும். வெயில் வந்ததும் எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு ரீங்காரம் எழும். தளிர்க் காம்பில் ஊறுகிற தேனுக்காக வருகிற தேனீக்களின் சத்தம் அது. மரங்களுக்கு நடுவே கால் வைத்து நிற்கிற பெட்டிகளில் நானும் தேனீ வளர்க்கிறேன். அந்த நாட்களில் வீடு முழுவதுமே மெல்ல மூச்சு விடுவதுபோல் எனக்குத் தோன்றும்.

கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மகள் பிறப்பதற்கு முன்பே போனவர். லீவில் வந்து போவார். ஆனாலும் அவர் எங்களோடுதான் சாப்பிடுவார். சாயங்காலம் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைப்போம். அங்கே அவர் குபூஸ் ரொட்டியைப் பிய்ப்பார், இங்கே நாங்கள் சோற்றைப் பிசைவோம். "மீனக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்பார். காட்டுவோம். நெட்வொர்க் நின்றுபோனால் வாயருகில் கையோடு அப்படியே அசையாமல் இருப்பார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா தூங்குகிறார் என்று நினைத்துப் போனுக்குத் துண்டு போர்த்திவிடுவாள். அவளுக்கு அப்பா என்றால் அந்த வெளிச்சம்தான். போனுக்குள் இருந்து வருகிற அன்பு அவளுக்குப் புதிது அல்ல. நடக்கப் பழகியதே அதன் முன்னால்தான்.

எங்கள் பக்கத்தில் பார்சல் என்றால் தபாலில் வருவது அல்ல. ஒருவர் லீவில் ஊருக்கு வந்தால், அவர் பெட்டியில் பாதி மற்றவர்களின் பொருளாக இருக்கும். கம்பெனி கேம்ப்பில் கூடத் தங்கியிருக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற சோப்பு, சென்ட், தலைவலித் தைலம், பிள்ளைகளுக்கு மிட்டாய். வந்தவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். நாம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே போனால் சாயா கிடைக்கும். அதைவிட, நம் ஆளைக் கண்ணால் கண்டவர் சொல்கிற சேதி கிடைக்கும். கொஞ்சம் மெலிஞ்சிருக்காரு, நல்லாத் தூங்குதாரு, அன்னைக்குச் சிரிச்சுட்டுக் கெடந்தாரு. சோப்பு கரைந்துபோகும். அந்தச் சேதியை வைத்து நான் பல நாள் ஓட்டியிருக்கிறேன்.

ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் தங்கள் கஷ்டத்தை வீட்டில் சொல்ல மாட்டார்கள். போன மழைக்காலத்தில் கணவர் வேலையில் ஏணியிலிருந்து விழுந்து காலில் அடிபட்டார். எங்களுக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து. அதன்பிறகு போனில் முகத்தை மட்டும் காட்டுவார். கால் எப்படி என்று கேட்டால், "அதுக்கென்ன, காலு பாட்டுக்குக் கெடக்குது" என்பார். அந்தக் காலை நாங்கள் பார்க்கவே இல்லை.

அவருடைய கூட்டாளிகள் யாராவது அழைத்தால் நான் போனை மகளிடம் கொடுத்துவிடுவேன். அறியாத ஆணோடு பேச எனக்குக் கூச்சம். "நீ பேசு மக்களே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அவள் கணீரென்று பேசுவாள். "சொல்லுங்க மாமா. ஆமா மாமா. அம்மா இன்னா நிக்குதா மாமா." கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் இருக்கிற கணவரின் அக்கா, எனக்கு மைனி, மகளுக்கு மாமி, இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "ஏட்டி, ஒனக்குப் பேசுததுக்கும் சேத்துத்தான் கடவுளு ஒனக்க மவளப் படைச்சிருக்காரு."

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மாலை மகள் வந்து சொன்னாள். "அம்மா, அப்பாக்க கேம்ப்ல உள்ள ஒரு மாமா எனக்க போனுல மெசேஜ் போட்டாரு. அப்பாக்க காலு இப்பம் கொள்ளாமாம், வலி கொறவாம். மெதுவா நடக்காராம்."

எனக்கு மனம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. யார் எவர் என்று கேட்கத் தோன்றவில்லை. "நல்ல மனுஷன்" என்றேன்.

"தான் சொன்னதா அப்பாக்கிட்டச் சொல்லண்டாம்னு சொன்னாரு. அப்பா கோவப்படுவாராம்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. மறைத்ததை இன்னொருவர் சொல்லிவிட்டால் கோபம் வராதா? அப்படி நானும் மகளும் சேர்ந்து, அந்த மனிதரைப் பற்றி அவளுடைய அப்பாவிடம் சொல்லாமல் இருந்தோம். சில நாள் நானே கேட்பேன், "அந்த மாமா ஒண்ணும் சொல்லலியா?" என்று. மகள் போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதாவது சொல்வாள். பிறகு சிரிப்பது நின்றது. நான் அதைப் பரீட்சைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேன் எடுக்கும் சமயம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மகள் என்னோடு பெட்டிகளைப் பார்க்க வந்தாள். இரண்டு பேரும் முகவலை போட்டிருந்தோம். தேங்காய் நாரைப் புகைய விட்டு, ஒரு பெட்டியின் மூடியை எடுத்தேன். புகை தரையிலேயே தவழ்ந்தது. வெயில் செம்புத் தளிர் வழியாக இறங்கி, எல்லாம் நீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. வலைக்குள் இருந்து பார்த்தால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஒரு நிழல் மட்டும் தெரியும்.

"அம்மா, சனிக்கெழம டியூஷன் முடிஞ்சு நான் கொஞ்சம் பிந்தி வரட்டா?"

"எதுக்கு?"

"பார்சல் வாங்கணும். அந்த மாமாக்க கூட்டுக்காரரு லீவுல வந்திருக்காராம். மேம்பாலத்துக்கு அடியில வந்து நிக்கச் சொன்னாரு."

"நானும் வாறேன்."

"நீ வரண்டாம். தனியா வரச் சொன்னாரு."

என் கையில் தேனடை இருந்தது. தேனீக்கள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன. அடை சாய்ந்தது எனக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் ஒரு படி உயர்ந்தது. அடையை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினேன். வலையைக் கழற்றவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. பிறர் கண் மேலே விழும்போது வார்த்தை உள்ளே போய்விடும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"சொல்லு மக்களே. நான் பெட்டியத்தான் பாக்கேன்" என்றேன்.

அவள் சொன்னாள். முதலில் அப்பாவின் சேதி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு அவள் படிப்பைக் கேட்டாராம். பிறகு அவள் போட்டோ அழகாக இருக்கிறது என்றாராம். புதுச் சுரிதாரில் ஒன்று கேட்டார், அனுப்பினாள். பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த போட்டோ வேண்டும் என்றார். அனுப்பமாட்டேன் என்றதும் பேச்சு மாறிவிட்டது. இத்தனை நாள் என்னோடு பேசியதை எல்லாம் உன் அப்பாவிடம் காட்டுவேன், அவர் உன்னைப் பற்றி என்ன நினைப்பார், யோசித்துப் பார் என்றார். நேரில் ஒருமுறை வந்து பார்சலை வாங்கிக்கொண்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றார்.

"போனா எல்லாம் தீந்துரும்னு நெனச்சேன்" என்றாள்.

புகை அவள் காலைச் சுற்றி நின்றது.

"ஸ்கூல்ல போலீஸ் மேடம் வந்து சொன்னாவ அம்மா, தெரியாத ஆளுக்கிட்டப் பேசப்பிடாதுன்னு. எனக்கு எல்லாம் தெரியும். ஆனா இவரு தெரியாத ஆளு இல்லல்லா. அப்பாகூட இருக்கியவரு."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் முகம் தெரியாதவர் வேறு, தெரியாதவர் வேறு. வாழ்நாள் முழுவதும் நாங்கள் அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "போன நான் புடுங்க மாட்டேன். பள்ளிக்கூடத்த நிறுத்த மாட்டேன். நீ ஒரு தப்பும் செய்யல. சனிக்கெழம போவண்டாம்."

அவள் வலைக்குள்ளேயே அழுதாள். வலையோடு கண்ணைத் துடைக்க முடியாது. பெட்டிகளைத் தாண்டி வந்த பிறகுதான் நான் அவள் வலையை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாயா போட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. "அப்பாக்கு கால்ல அடின்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

மகள் போனில் படம் போடுகிற ஆப்பைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்பா நடக்க வேண்டும், வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவளே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அப்பா கொடுத்துவிட்ட சென்ட் பாட்டிலின் படம். கம்பெனித் தொப்பியோடு அப்பா. பள்ளி யூனிஃபார்மில் அவள். டியூஷன் முடிந்து தோழிகளோடு மார்த்தாண்டத்தில் சர்பத் குடிக்கிற படம். அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருந்தது. அங்கே இல்லாத ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் தூவியதையே பொறுக்கி, அவள் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மைனி உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். மகளே சொன்னாள். நான் தடுக்கவில்லை.

மைனிக்கு முதலில் வந்தது கோபம். "கொண்டா அந்தச் சவத்த. கெணத்துல போடுதேன். ஒரு போனு, ஒரு ஆப்பு!"

"மைனி, போன வாங்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

நான் அவரை எதிர்த்து ஒன்று சொல்வது அதுதான் முதல் தடவை. மைனி என்னையே பார்த்தார். பிறகு அவருடைய புத்தி வேறு பக்கம் போனது.

"இல்ல பிள்ளே, எனக்கு ஒண்ணு வெளங்கல. பார்சல் கொண்டு வந்தவன் ரோட்டுலயா நின்னு குடுப்பான்? அவனுக்குப் பொண்டாட்டி இல்லியா, வீடு இல்லியா? நம்மள வீட்டுல இருத்தி, சாயா தந்து, அங்க பட்ட பாடெல்லாம் சொல்லி, நம்மளையும் அழ வச்சில்லா விடுவான்? பார்சல விட கத நீளமாட்டு இருக்கும். அதுவும் பச்சப் பிள்ளைக்கா போன் போடுவான்? எனக்கில்லா போடுவான்!"

மகளுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்களுக்குப் போட்டா மாமி, அவன் அப்பமே நம்பர மாத்தியிருப்பான்."

"ஏட்டி, சிரிக்கியா? சிரி. நீ சிரிச்சாப் போதும்" என்று அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ரீங்காரம் அடங்கி, கூடு திரும்பாத ஒன்றிரண்டு தேனீக்கள் மட்டும் ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தன.

அந்த ஆளுடைய செய்திகளை அழித்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மகள்தான் வேண்டாம் என்றாள். "அழிக்கப்பிடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாவ. அதுதான் சாட்சியாம். அவன் கேக்குததுக்கு ஒண்ணும் பதில் போடண்டாம்." எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்வதற்கு ஓர் ஆள் மட்டும்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை மூன்று பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாழைத் தோட்டங்கள் பனிக்குள் இருந்து ஒவ்வொன்றாக வந்து, மறுபடியும் பனிக்குள் போயின. எனக்கு இது யாருடைய பயணமோ என்று இருந்தது. நிலையத்தில் என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. மைனி வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் பெண் அதிகாரி மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா. மெதுவா சொல்லு" என்றார். அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் நடுவில் ஒரு தடவைகூட ஏன் பேசினாய் என்று கேட்கவில்லை. செய்திகளை வாசித்துவிட்டு, "அழிக்காம வச்சது நல்லது" என்றார். ஆள் வளைகுடாவில் இல்லை, இங்கேயே எங்காவது இருப்பான், இந்த மாதிரிப் பலர் இருக்கிறார்கள் என்றார். போனை விசாரணைக்குக் கேட்டார். மகள் தானே எடுத்துக் கொடுத்தாள்.

எழும்போது அவர் ஒன்று சொன்னார். "அப்பாகிட்டச் சொல்லிருவேன்னுதான் அவன் மிரட்டுறான். நீயே முதல்ல சொல்லிட்டா, அவன் கையில ஒண்ணும் இருக்காது."

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அந்த ஆளைவிட இதுதான் பயம். திரும்பி வரும்போது கேட்டாள், "அப்பா எனக்கிட்டப் பேசாம இருந்தா?"

"பேசுவாரு" என்றேன். எனக்கு உறுதியாகத் தெரியாது.

அன்று சாயங்காலம் என் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். மைனியும் வந்து உட்கார்ந்தார். கணவர் திரையில் வந்தார், வழக்கம்போல முகம் மட்டும். "குழம்பு என்ன?" என்றார். யாரும் தட்டைக் காட்டவில்லை.

மகள் சொல்லத் தொடங்கினாள். அப்பாவின் காலைப் பற்றிக் கேட்கத்தான் முதலில் பேசினேன் என்பதிலிருந்து, அந்தப் போட்டோ, அந்த மிரட்டல், காவல் நிலையம் வரை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, திரையில் அப்பாவின் முகம் அசையாமல் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. புருவம் சுருங்கியிருந்தது.

நெட்வொர்க் நின்றுவிட்டதா, அவர்தான் அப்படி உறைந்துவிட்டாரா என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. அடுப்பில் உலை கொதித்தது. வெளியே தளிர்கள் மேல் மாலை வெளிச்சம் செந்நீராக வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த ஒற்றை முகத்தின் முன்னால், கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தோம். மகள் மெல்ல எழுந்து, துண்டை எடுக்கப் போகிறவள்போல் கொடிப் பக்கம் பார்த்தாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது.

முதலில் சத்தம் வந்தது. முகம் அப்படியே இருந்தது.

"...கேக்குதா? மக்களே, கேக்குதா?"

"கேக்குது அப்பா."

"நீ சொன்னது எல்லாம் கேட்டேன். இடையில நின்னுபோச்சு. எனக்க பேச்சு அங்க வந்திருக்காது."

"வரல அப்பா."

"நீ அழாத. நீ என்னத்துக்கு அழணும்?"

பிறகு படம் ஆடியது. கூரை, இரும்புக் கட்டில், தொங்குகிற சட்டைகள் எல்லாம் சுழன்று கீழே இறங்கின. திரையில் ஒரு கால் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. கணுக்காலில் கொஞ்சம் வீக்கம். அந்தக் கால் மெல்ல மடங்கி, மெல்ல நீண்டது.

"இன்னா பாரு. நல்லாப் பாரு. நொண்டித்தான் நடக்கேன். வலி உண்டும். இனி எனக்க சொகத்த எவன்கிட்டயும் கேக்கண்டாம். எனக்கிட்டக் கேளு. நானும் உள்ளதச் சொல்லுதேன்."

மகள் போனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் திரையில் தழும்பைத் தொட்டாள். தொட்டதும் படம் பெரிதாகிவிட்டது.

மைனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "லே, காலக் காட்டினது போதும். சோறு திங்கிய நேரம். மூஞ்சியக் காட்டு" என்றார்.

அவர் முகம் திரும்பி வந்தது. கண் சிவந்திருந்தது. "குழம்பு என்னன்னு இன்னும் ஒருத்தியும் சொல்லலியே" என்றார்.

மகள் மீனை எடுத்துக் கிட்டக் காட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. மகள் டியூஷனுக்குப் போனாள், நான் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். மேம்பாலத்துக்கு அடியில் போலீஸ் நின்றார்கள், யாரும் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பெட்டிகளைத் திறந்து தேன் எடுத்தோம்.